புரோட்டானுக்குள் குவார்க்குகளின் ஓட்டமும் தற்சுழற்சியும்: சிதறல் அளவீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை இயற்பியல் மாணவர்களும் இந்தத் துறையில் ஆய்வுக்குள் நுழைபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆற்றல், உந்தம், நிறை மூன்றையும் ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (ஜி.இ.வோ.) என்ற ஒரே அலகில் சொல்கிறோம். அந்த அலகில் புரோட்டானின் நிறை 0.938.

புரோட்டானின் உட்கூறான குவார்க்கைத் தனியே எடுக்கவே முடியாது. பிறகு அதன் ஓட்டத்தை எப்படி அளக்கிறார்கள்?

வேகமான எலக்ட்ரானையோ, அதன் கனமான உறவான மியூவானையோ புரோட்டான்மீது மோத விடுகிறார்கள். குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசையை இவை இரண்டும் உணராதவை. மின்காந்த விசை வழியாக மட்டுமே, பெரும்பாலும் ஒரே ஒரு மெய்நிகர் ஃபோட்டானைப் பரிமாறிக்கொண்டு, உள்ளே இருப்பதைத் தட்டுகின்றன. தட்டும் பக்கம் முழுவதும் கணக்குக்குள் அடங்குவதால், விடையில் தெரியாதது எதுவானாலும் அது புரோட்டானைச் சேர்ந்தது.

1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கியில் ஃபிரீட்மன், கெண்டல், டெய்லர் ஆகியோர் நடத்திய சோதனைகள், புரோட்டானுக்குள் புள்ளி போன்ற துகள்கள் இருப்பதைக் காட்டின. அதற்காக 1990இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அங்கே சிதறிய எலக்ட்ரானை மட்டுமே பார்த்தார்கள். அதிலிருந்து கிடைப்பது, கற்றையின் திசையில் குவார்க் சுமக்கும் உந்தப் பங்கு மட்டும்தான். குறுக்குவாட்டில் குவார்க் எப்படி ஓடுகிறது என்று அறிய, அடிபட்ட குவார்க்கிலிருந்து பிறந்து வெளியே வரும் பையான், கேயான் என்னும் கூட்டுத் துகள்களில் ஒன்றையாவது சிதறிய எலக்ட்ரானோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். இதைப் பகுதி உள்ளடங்கிய சிதறல் என்கிறோம். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

'தற்சுழற்சி நெருக்கடி' என்பது என்ன?

புரோட்டானின் தற்சுழற்சி (ஸ்பின் எனப்படும் இயல்பான கோண உந்தம்) ½. மூன்று குவார்க்குகளின் தற்சுழற்சிகளைக் கூட்டினாலே இதன் பெரும்பகுதி வந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். சார்பியல் திருத்தம் செய்த மாதிரிகள் சுமார் 60 விழுக்காடு என்றன. செர்னில் மியூவான் கற்றையைக் கொண்டு நடந்த ஈ.எம்.சி. சோதனை 1988இல் வெளியிட்ட முடிவு, குவார்க்குகளின் பங்கு சுழியாகக்கூட இருக்கலாம் என்னும் அளவுக்குச் சிறியதாக இருந்தது. பின்னர் வந்த துல்லியமான அளவீடுகள் அதைச் சுமார் 30 விழுக்காட்டில் நிறுத்தியிருக்கின்றன.

மீதி எங்கே? குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்களின் தற்சுழற்சியிலும், குவார்க்குகளும் குளுவான்களும் புரோட்டானுக்குள் சுற்றுவதால் வரும் கோண உந்தத்திலும். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இரு புரோட்டான் கற்றைகளையும் முனைவாக்கி (தற்சுழற்சிகளை ஒரே திசையில் நிறுத்தி) மோதவிட்டுப் பெற்ற தரவு, குளுவான்களின் பங்கு நேர்க்குறி கொண்டது என்று காட்டுகிறது. சுற்றுவதால் வரும் பங்குதான் இன்னும் பிடிபடாதது. குறுக்கு ஓட்டத்தை அளக்க இவ்வளவு பாடுபடுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு மோதல் நிகழ்விலிருந்து என்னென்ன கணக்கிடுகிறார்கள்?

ஜெஃபர்சன் ஆய்வகத்தின் ஆற்றல் அளவில் ஒரு எடுத்துக்காட்டு. 10.6 ஜி.இ.வோ. எலக்ட்ரான் வருகிறது, 4.0 ஜி.இ.வோ. ஆற்றலோடு, 15 பாகை திரும்பி வெளியேறுகிறது.

ஆற்றல் இழப்பு 10.6 − 4.0 = 6.6. கற்றையின் ஆற்றலில் இது 0.62 பங்கு, இந்தப் பங்கை ஒய் என்பார்கள். ஃபோட்டானின் கூர்மையைச் சொல்லும் கியூ² = 4 × 10.6 × 4.0 × சைன்²(7.5°) = 2.89. குவார்க்கின் உந்தப் பங்கு எக்ஸ் = 2.89 ÷ (2 × 0.938 × 6.6) = 0.23. அதாவது, புரோட்டானின் உந்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைச் சுமந்த குவார்க்கைத் தட்டியிருக்கிறோம். எலக்ட்ரான் போக எஞ்சிய ஹேட்ரான் (குவார்க்குகளால் ஆன துகள்) கூட்டத்தின் நிறை 3.2 ஜி.இ.வோ. அதே நிகழ்வில் 3.3 ஜி.இ.வோ. பையான் ஒன்று பிடிபட்டால், ஃபோட்டான் கொடுத்த ஆற்றலில் அதன் பங்கு இசட் = 0.5.

இவற்றோடு இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, மெய்நிகர் ஃபோட்டானின் திசையை அச்சாக வைத்து அளந்த பையானின் குறுக்கு உந்தம். மற்றொன்று, அந்த அச்சைச் சுற்றி எலக்ட்ரானின் சிதறல் தளத்திலிருந்து பையான் எவ்வளவு விலகியிருக்கிறது என்ற சுற்றுக்கோணம். புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது: கற்றையின் திசையை அச்சாக வைத்துவிடுகிறார்கள். ஃபோட்டானின் திசை நிகழ்வுக்கு நிகழ்வு மாறும். ஒவ்வொரு நிகழ்விலும் அச்சைத் திருப்பித்தான் கணக்கிட வேண்டும்.

எந்த நிகழ்வுகளை வைத்துக்கொள்வது, எவற்றைத் தள்ளுவது?

கியூ² 1க்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே தனிக் குவார்க்கைத் தட்டினோம் என்று சொல்ல முடியாது. எஞ்சிய கூட்டத்தின் நிறை குறைந்தது 2 ஜி.இ.வோ., உயர் ஆற்றல் சோதனைகளில் அதைவிடக் கூடுதல். கிளர்வுற்ற நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) நிலைகளைத் தவிர்க்க இது. ஒய் 0.85 அல்லது 0.9க்குக் கீழே, ஏனென்றால் அதற்கு மேல் கதிர்வீச்சுத் திருத்தம் மிகப் பெரிதாகிவிடும். இசட் 0.2 முதல் 0.7 வரை. 0.2க்குக் கீழே வரும் ஹேட்ரான் அடிபட்ட குவார்க்கிலிருந்து வந்ததா, உடைந்த புரோட்டானின் மிச்சத்திலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. 0.7க்கு மேலே, வேறு வழியில் பிறந்த ரோ மீசான்கள் சிதைந்து தரும் பையான்கள் கலந்துவிடும்.

பையானின் குறுக்கு உந்தம்தான் குவார்க்கின் குறுக்கு உந்தமா?

இல்லை. இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான், ஆகவே விரிவாகவே பார்ப்போம்.

சுமார் ஒரு ஃபெர்மி (10⁻¹⁵ மீட்டர்) அகலத்துக்குள் அடைபட்ட துகளுக்குக் குறைந்தது 0.2 ஜி.இ.வோ. அளவில் குறுக்கு உந்தம் இருந்தே தீரும் என்று நிச்சயமின்மைக் கோட்பாடு சொல்கிறது. அடிபட்ட குவார்க் அந்த ஓட்டத்தோடு வெளியேறி, பின்னர் பையானாக உருமாறும்போது இன்னொரு குறுக்கு உதையையும் வாங்குகிறது. நமக்குத் தெரிவது இரண்டின் கூட்டு. எளிய காசியன் மாதிரியில் அது இப்படி வரும்:

பையானின் சராசரி குறுக்கு உந்த வர்க்கம் = இசட்² × (குவார்க்குடையது) + (உருமாற்றத்துடையது)

இப்போது வெளிவந்த இரு பகுப்பாய்வுகளின் மதிப்புகளை எடுத்துக்கொள்வோம். 2005இல் வந்த ஒன்றில் குவார்க்குக்கு 0.25, உருமாற்றத்துக்கு 0.20. 2014இல் ஜெர்மனியின் ஹெர்மிஸ் சோதனைத் தரவுக்குப் பொருத்தியதில் 0.57, 0.12. குவார்க்கின் எண் இரு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. ஆனால் இசட் 0.5இல் போட்டுப் பாருங்கள்: முதலாவது 0.0625 + 0.20 = 0.2625, இரண்டாவது 0.1425 + 0.12 = 0.2625. நான்காம் இலக்கம் வரை ஒரே விடை. அந்த ஓர் இசட்டில் மட்டும் அளந்தவருக்கு, எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், இரண்டில் எது சரி என்று தெரியவே தெரியாது.

இசட் 0.3இல் முதலாவது 0.22, இரண்டாவது 0.17. இசட் 0.7இல் 0.32க்கு எதிராக 0.40. பிரித்தறியும் திறன் முழுவதும் ஓரங்களில்தான் இருக்கிறது. மேலே சொன்ன கலப்படங்கள் நெருக்குவதும் அதே ஓரங்களில்தான். ஆகவே, 'குவார்க்கின் குறுக்கு உந்தம் இவ்வளவு' என்று ஓர் எண்ணை எங்கே பார்த்தாலும் எந்த இசட் வீச்சு, எந்த உருமாற்றச் சார்பு (குவார்க் பையானாக மாறும் வாய்ப்பைத் தருவது) என்று பாருங்கள். இரண்டும் சொல்லப்படாவிட்டால் அந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள். உருமாற்றத்தைத் தனியே அளக்க, புரோட்டானே இல்லாத எலக்ட்ரான்–பாசிட்ரான் மோதல்கள் உதவுகின்றன. அடுத்த கேள்வியில் வரும் காலின்ஸ் வகை உருமாற்றத்தை ஜப்பானின் பெல், அமெரிக்காவின் பாபார், சீனாவின் பெஸ்-3 சோதனைகள் அப்படித்தான் அளந்தன.

சிவர்ஸ் விளைவு, காலின்ஸ் விளைவு: என்ன வேறுபாடு?

இலக்குப் புரோட்டானின் தற்சுழற்சியைக் கற்றைக்குக் குறுக்காக நிறுத்தினால், பையான்கள் சுற்றுக்கோணத்தில் சீராகப் பரவாமல் ஒரு பக்கம் சாய்கின்றன. இதற்குக் காரணங்கள் இரண்டு.

1990இல் டெனிஸ் சிவர்ஸ் முன்வைத்தது: குறுக்காக முனைவாக்கப்பட்ட புரோட்டானுக்குள் குவார்க்குகளின் ஓட்டமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 1993இல் ஜான் காலின்ஸ் முன்வைத்தது: குவார்க்கின் தற்சுழற்சி குறுக்காக இருந்தால், அது பையானாக உருமாறும்போது பையான் ஒரு பக்கம் விலகுகிறது. முதலாவது ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறது, இரண்டாவது குறுக்குத் தற்சுழற்சியைப் பற்றி.

இரண்டையும் பிரிக்க இரு கோணங்கள் போதும். சிதறல் தளத்திலிருந்து பையானின் கோணம் ஒன்று, இலக்கின் தற்சுழற்சிக் கோணம் மற்றொன்று. சிவர்ஸ் விளைவு இவற்றின் வித்தியாசத்தின் சைனாகவும், காலின்ஸ் விளைவு கூட்டலின் சைனாகவும் வரும். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் டெசி ஆய்வகத்தின் 27.6 ஜி.இ.வோ. கற்றையில் இயங்கிய ஹெர்மிஸ், புரோட்டான் இலக்கில் இரண்டையும் பிரித்துக் காட்டிய முதல் முடிவுகளை 2005இல் வெளியிட்டது. நேர்மின் பையானுக்குச் சிவர்ஸ் வீச்சு நேர்க்குறி, எதிர்மின் பையானுக்கு ஏறத்தாழ சுழி. காலின்ஸ் வீச்சோ இரண்டுக்கும் எதிரெதிர்க் குறி. எல்லாமே சில விழுக்காடு அளவுதான்.

டிடெக்டர் எல்லாக் கோணங்களையும் சமமாகப் பார்க்காததால், ஒரு சைன் மற்றொன்றுக்குள் கசியும். எல்லா ஏற்ற இறக்கங்களையும் ஒரே பொருத்தத்தில் சேர்த்தே எடுக்க வேண்டும்; ஒவ்வொன்றாகப் பொருத்தினால் குறிகூட மாறிவிட வாய்ப்பு உண்டு.

இலக்கில் உள்ள புரோட்டான்களை எப்படி ஒரே பக்கம் திருப்பி நிறுத்துகிறார்கள்?

காந்தப்புலம் மட்டும் போதாது. 2.5 டெஸ்லா புலத்தில், 1 கெல்வின் குளிரில் புரோட்டான்களின் முனைவாக்கம் வெறும் 0.25 விழுக்காடு. அதே சூழலில் எலக்ட்ரான்கள் 93 விழுக்காடு முனைவாகிவிடும், ஏனென்றால் அவற்றின் காந்தத் திருப்புத்திறன் சுமார் 660 மடங்கு பெரிது. எலக்ட்ரான்களின் ஒழுங்கை நுண்ணலை கொண்டு புரோட்டான்களுக்கு மாற்றுவதே வழி. 2.5 டெஸ்லாவுக்குச் சுமார் 70 கிகாஹெர்ட்ஸ், 5 டெஸ்லாவுக்குச் சுமார் 140. அலைவெண்ணைச் சற்று மாற்றினாலே, புலத்தைத் தொடாமல் முனைவாக்கத்தின் திசையைத் திருப்பிவிடலாம்.

செர்னின் காம்பஸ் சோதனை 160 ஜி.இ.வோ. மியூவான் கற்றையில் திட அம்மோனியாவையும் லித்தியம்-6 டியூட்டரைடையும் பயன்படுத்தியது. முனைவாக்கியபின் 0.1 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்து, தற்சுழற்சியை 'உறைய' வைத்து, 0.6 டெஸ்லா குறுக்குப் புலத்துக்கு மாற்றினார்கள். அம்மோனியாவில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் கிடைக்கும். ஜெஃபர்சன் ஆய்வகத்தில் எலக்ட்ரான் கற்றை கூடுதல் சூட்டையும் கதிர்வீச்சுச் சேதத்தையும் தருவதால் 1 கெல்வின், 5 டெஸ்லாவில் தொடர்ந்து நுண்ணலையைப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். கற்றை மின்னோட்டம் சுமார் 100 நானோ ஆம்பியரைத் தாண்டக்கூடாது. சேதம் சேரச் சேர முனைவாக்கம் இறங்கும். அப்போது கற்றையை நிறுத்தி, அம்மோனியாவை 80 முதல் 100 கெல்வின் வரை சற்றுச் சூடாக்கி ஆறவிட்டால் பெருமளவு மீளும். சில முறைக்குப் பிறகு இலக்கையே மாற்ற வேண்டியதுதான்.

நியூட்ரானுக்கு ஹீலியம்-3. அதில் இரு புரோட்டான்களின் தற்சுழற்சிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், அணுக்கருவின் முனைவாக்கத்தில் சுமார் 87 விழுக்காடு நியூட்ரானிடம் இருக்கும். ரூபிடியம் ஆவியை லேசரால் முனைவாக்கி, மோதல்கள் மூலம் அதை ஹீலியத்துக்கு மாற்றுகிறார்கள்.

குறுக்குப் புலத்தில் ஒரு தொல்லை உண்டு: அது கற்றையையே வளைக்கும். இலக்குக்கு முன்னாலேயே காந்தங்களை வைத்து எதிர்ப்பக்கம் வளைத்துக் கொண்டுவர வேண்டும். குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்கள் ஒரு தளத்தில் மெல்லிய தகடுபோல் விரிந்து, அந்தப் பகுதியில் உள்ள டிடெக்டரைக் குருடாக்கிவிடும்.

எத்தனை நிகழ்வுகள் இருந்தால் போதும்?

இலக்கில் முனைவாக்கப்பட்ட நியூக்ளியான்களின் பங்கான நீர்ப்புக் காரணியைப் பொறுத்தது. அம்மோனியா மூலக்கூறில் 17 நியூக்ளியான்கள். அவற்றில் முனைவாக்கப்பட்டவை 3 புரோட்டான்கள் மட்டுமே, அதாவது 0.176. குளிர்விக்கும் ஹீலியத்தையும் சேர்த்தால் சுமார் 0.15. முனைவாக்கம் 0.8 என்றால் பெருக்குத்தொகை 0.12.

உண்மையான சமச்சீரின்மை (ஒரு பக்கச் சாய்வு) 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், தரவில் தெரிவது 0.48 விழுக்காடு. ஒரு கோணப் பட்டையில் 1,00,000 நிகழ்வுகள் இருந்தால் உச்சத்தில் 480 கூடும். எண்ணிக்கையின் இயல்பான ஊசலாட்டமே 316. சைன் வீச்சில் 0.01 பிழை வேண்டுமென்றால் ஒவ்வொரு தொகுப்புக்கும் 2 ÷ (0.12² × 0.01²), அதாவது சுமார் 14 லட்சம் நிகழ்வுகள் வேண்டும். எக்ஸ், இசட், குறுக்கு உந்தம், கியூ² என நான்கு பரிமாணங்களில் பிரிக்கும்போது தொகுப்புகள் நூற்றுக்கணக்கில் வந்துவிடும்.

ஹெர்மிஸின் தூய ஹைட்ரஜன் வளி இலக்கில் நீர்ப்பே இல்லை. முனைவாக்கம் 0.7 என்றால் அதே துல்லியத்துக்குச் சுமார் 41,000 நிகழ்வுகள் போதும். வளியின் அடர்த்தி மிகக் குறைவு என்பதால் அவற்றைச் சேர்க்க ஆண்டுகள் பிடிக்கும்.

இவ்வளவு சிறிய சமிக்ஞையில் போலி விளைவை எப்படிக் கண்டுபிடிப்பது?

டிடெக்டரின் ஏற்புத்திறனை (எந்தக் கோணத்தில் எவ்வளவு துகள்களைப் பிடிக்கும் என்பதை) சில விழுக்காட்டுக்குமேல் துல்லியமாக யாராலும் உருவகிக்க முடியாது. சமிக்ஞையோ அரை விழுக்காடு. ஆகவே ஏற்புத்திறனைக் கணிப்பதை விட்டுவிட்டு, அது கணக்கிலிருந்து கழிந்து போகும்படி சோதனையை அமைக்க வேண்டும்.

காம்பஸ் 30, 60, 30 செ.மீ. நீளத்தில் மூன்று இலக்கு அறைகளை வரிசையாக வைத்தது. நடு அறையின் முனைவாக்கம் ஓரத்து அறைகளுக்கு எதிர்த்திசையில். ஒரே கற்றை மூன்றையும் கடப்பதால் கற்றையின் செறிவு கழிந்துவிடும். சில நாள்களுக்கு ஒருமுறை எல்லா அறைகளையும் திருப்பி, முன்–பின் விகிதங்களின் விகிதத்தை எடுத்தால் ஏற்புத்திறனும் கழிந்துவிடும். திருப்புவதற்கு இடையில் டிடெக்டர் மாறாமல் இருந்தால்தான் இது செல்லும். நடுவில் டிடெக்டரின் ஒரு பகுதியில் உயர் மின்னழுத்தம் மாறினாலோ, அதன் ஒரு தளம் இயங்காமல் போனாலோ, அந்தச் சோடித் தரவு முழுவதையும் தூக்கி எறிய வேண்டும். பாதியைக் காப்பாற்ற நினைப்பது தவறு.

சரிபார்க்க எளிய வழி: ஒரே முனைவாக்கம் கொண்ட தரவை இரண்டாகப் பிரித்து அதே கணக்கைச் செய்யுங்கள். சுழி வர வேண்டும். சுழியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுவே உங்கள் முறைசார் பிழைக்கு ஒரு மதிப்பீடு.

வேறு என்னென்ன கலப்படங்கள்?

எலக்ட்ரான் மோதலுக்கு முன்போ பின்போ ஒரு ஃபோட்டானை உமிழ்ந்துவிட்டால் எக்ஸ், கியூ², அச்சின் திசை மூன்றுமே தவறாகும். மியூவான் கனமானது என்பதால் அதில் இது குறைவு. நடுநிலைப் பையான் சிதைவிலிருந்து வரும் எலக்ட்ரான்–பாசிட்ரான் சோடியில் ஒன்று, சிதறிய எலக்ட்ரானாக வேடமிடும். காந்தத்தின் திசையை மாற்றியோ பாசிட்ரான்களை எண்ணியோ கழிக்க வேண்டும்.

பையானையும் கேயானையும் பிரிக்க, வேகத்தைக் காட்டும் செரன்கோவ் ஒளி வளையங்களைப் பார்க்கிறார்கள். பையான்கள் கேயான்களைவிடப் பல மடங்கு அதிகம். நூற்றில் இரண்டு பையான்கள் தவறாக அடையாளம் காணப்பட்டாலே கேயான் தொகுப்பில் கணிசமான பங்கு பையான்களாகிவிடும். கேயானின் சிவர்ஸ் வீச்சு பையானுடையதைவிடப் பெரிது என்ற ஹெர்மிஸ் முடிவைப் பற்றிப் பேசும்போது இந்தத் திருத்தம் மிகவும் முக்கியம்.

மேல் குவார்க்கையும் கீழ்க் குவார்க்கையும் எப்படிப் பிரிப்பது?

ஃபோட்டான் மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பார்க்கிறது: மேல் குவார்க்குக்கு 4/9, கீழ்க் குவார்க்குக்கு 1/9. புரோட்டான் தரவு பெரும்பாலும் மேல் குவார்க்கின் கதைதான். கீழ்க் குவார்க்குக்கு டியூட்டரான் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் கொண்ட அணுக்கரு) அல்லது ஹீலியம்-3 வேண்டும். காம்பஸின் டியூட்டரான் தரவில் சிவர்ஸும் காலின்ஸும் ஏறத்தாழச் சுழியாக வந்தன. விளைவே இல்லை என்று அதற்குப் பொருளல்ல. இரு குவார்க்குகளின் பங்கும் எதிர்க்குறியில் வந்து ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. டியூட்டரான் தரவு புரோட்டான் தரவைவிட மிகக் குறைவாக இருந்ததால், 2022இல் காம்பஸ் ஓராண்டு ஓட்டத்தை இதற்கென்றே ஒதுக்கியது.

சிவர்ஸ் சார்பின் குறி மாறும் என்கிறார்களே?

சிவர்ஸ் சாய்வைச் சொல்லும் சார்பைப் பற்றிய கேள்வி இது. சிதறலில், அடிபட்ட குவார்க் வெளியேறும்போது புரோட்டானின் மிச்சத்தோடு குளுவான் பரிமாறுகிறது. டிரெல்–யான் வினையில் ஒரு குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சந்தித்து அழிவதால், அந்தப் பரிமாற்றம் அழிவுக்கு முன்பே நடக்கிறது. இதனால் சார்பின் அளவு மாறாமல் குறி மட்டும் தலைகீழாகும் என்று 2002இல் கணித்தார்கள். காம்பஸ் 2015லும் 2018லும் 190 ஜி.இ.வோ. பையான் கற்றையில் இதைச் சோதித்தது. புரூக்ஹேவனின் ஸ்டார் சோதனை டபிள்யூ, இசட் போசான்கள் வழியாகப் பார்த்தது. இரண்டும் குறி மாற்றத்தின் பக்கமே சாய்கின்றன. ஆனால் பிழைக்கோடுகள் பெரியவை. நிறுவப்பட்டுவிட்டது என்று எழுதுவது அவசரம்.

சிவர்ஸ் சார்பிலிருந்து சுற்றுக் கோண உந்தம் நேரடியாகக் கிடைத்துவிடுமா?

கிடைக்காது. சுற்றுக் கோண உந்தம் இல்லாவிட்டால் சிவர்ஸ் சார்பு சுழியாகும் என்பது உண்மை. ஆனால் சார்பின் அளவைக் கோண உந்தமாக மாற்ற மாதிரி சாராத சூத்திரம் எதுவும் இல்லை. அதற்கு, புரோட்டான் உடையாமல் ஒரு ஃபோட்டானை வெளியிடும் ஆழ் மெய்நிகர் காம்ப்டன் சிதறல் வேறு வழியைத் தருகிறது.

அடுத்து வரவிருக்கும் கருவி எது?

புரூக்ஹேவனில் அமையும் எலக்ட்ரான்–அயனி மோதுவி. மோதல் ஆற்றல் 20 முதல் 140 ஜி.இ.வோ. வரை, இரு கற்றைகளிலும் சுமார் 70 விழுக்காடு முனைவாக்கம். மோதும் கற்றைகளில் திட இலக்கு இல்லை, ஆகவே அம்மோனியாவின் நீர்ப்பும் இல்லை. ஒரே கியூ²இல் வேறு வேறு எக்ஸையும், ஒரே எக்ஸில் வேறு வேறு கியூ²ஐயும் அகலமாக அளக்க முடியும்.

வெளியான அட்டவணைகளை வைத்து நானே பகுப்பாய்வு செய்யலாமா?

தாராளமாக. ஹெப்டேட்டா களஞ்சியத்தில் பல சோதனைகளின் எண்கள் இலவசமாக இருக்கின்றன. பொருத்தத்தைத் தொடங்கும் முன் மூன்றைப் பாருங்கள். முதலாவது, காம்பஸ் தன் காலின்ஸ் கோணத்தில் 180 பாகை கழித்து வரையறுப்பதால், அதன் வீச்சின் குறி ஹெர்மிஸுக்கு எதிராக இருக்கும். இரண்டாவது, காம்பஸ், ஒய் சார்ந்த முனைவுமாற்றக் காரணியால் (மோதலில் குவார்க்கின் குறுக்கு முனைவாக்கம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பது) வகுத்த எண்ணைத் தருகிறது. ஹெர்மிஸின் பழைய காலின்ஸ் அட்டவணையில் அந்தக் காரணி உள்ளேயே இருக்கிறது. மேலே பார்த்த ஒய் 0.62 நிகழ்வுக்கு அந்தக் காரணி 0.66. கவனிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பிழை அங்கேயே நுழைந்துவிடும். மூன்றாவது, எக்ஸ் வாரியாக, இசட் வாரியாக, குறுக்கு உந்தம் வாரியாக வரும் மூன்று ஒற்றைப் பரிமாண அட்டவணைகளும் அதே நிகழ்வுகளிலிருந்து வந்தவை. மூன்றையும் தனித்தனித் தரவாக ஒரே பொருத்தத்தில் சேர்த்தால் பிழை பொய்யாகச் சுருங்கும். பல பரிமாண அட்டவணை இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.